உப்புக் காற்றும் அலுமினியத் தகடும்: பிரைமருக்கு முந்தைய வேலை

சொந்தமாகக் கட்டிவரும் சிறு விமானத்தின் வால் பகுதி இப்போது திருத்துறைப்பூண்டி ஷெட்டில் திறந்து கிடக்கிறது. ரிவெட் அடித்து மூடிவிட்டால் உள்பக்கம் கைக்கு எட்டாது. அரிப்புத் தடுப்பை இப்போதே முடித்தாக வேண்டும்.

“அலுமினியம்தான் துருப்பிடிக்காதே மாப்பிள்ளை, எதற்கு இந்தப் பாடு?” என்றார் பட்டறை வைத்திருக்கும் மாமா. வேதாரண்யத்தில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் ஆடி மாதம் கட்டிவிட்ட தகட்டுத் துண்டை ஐப்பசியில் எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். விமானத்துக்குப் பயன்படுத்தும் அதே 2024-டி3 ஆல்கிளாட், அதாவது செம்பு கலந்த அலுமினியத்தின் மேல் தூய அலுமினியம் போர்த்திய தகடு. முகப்பு சற்று மங்கியதோடு சரி. வெட்டிய விளிம்பிலும் எஃகுத் திருகாணி போட்ட துளையைச் சுற்றிலும் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. நகத்தால் சுரண்டியதும் அடியில் நுண்ணிய குழிகள் தெரிந்தன. மாமா அதற்குப்பின் எதுவும் கேட்கவில்லை.

காரணம் எளிது. ஆல்கிளாட் தகட்டைக் காப்பது அதன் மேல் உள்ள தூய அலுமினியப் படலம். 0.8 மி.மீ. தகட்டில் அது பக்கத்துக்குச் சுமார் 0.04 மி.மீ.தான். விளிம்பிலும் துளையிலும் செம்பு கலந்த உலோகம் வெறுமனே நிற்கிறது. மேலே இருக்கும் மெல்லிய படலமும் தேய்ந்துவிடக் கூடாது என்பதால் உப்புத்தாளை ஒதுக்கிவிட்டு, மெரூன் நிற ஸ்காட்ச் பிரைட் நாரால் பளபளப்புப் போகும் அளவுக்கு மட்டும் தேய்த்தேன். இரும்பு நார் கூடவே கூடாது. அதன் துணுக்குகள் தகட்டில் பதிந்து, அங்கிருந்தே அரிப்பு தொடங்கும்.

எண்ணெய்ப் பசை போனதா என்று தண்ணீர்தான் சொல்லும். சேம்பிலையில் போலத் துளித்துளியாகப் பிரிந்தால் மறுபடி துடைக்க வேண்டும். ஒரே படலமாக நின்றால் தகடு தயார். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு என்பதால் கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த பேட்டரித் தண்ணீர்தான். பிரைமருக்கு அடியில் உப்பு தங்கினால் பூச்சு கொப்பளிக்கும்.

அரிப்பைத் தடுக்கத் தகட்டைக் குரோமேட் (குரோமிய உப்பு) கரைசலில் நனைக்கும் முறையை வேண்டாம் என்று விட்டேன். ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும். அலசிய தண்ணீர் வாய்க்காலில் இறங்கினால் வயலுக்குத்தான் போகும். குரோமேட் இல்லாத இருபாக எபாக்சி பிரைமரே போதும் என்பது என் முடிவு.

பிரைமர் அடிக்கும்போது தகட்டின் சூடு பனிநிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். கார்த்திகைக் காலையில் 25 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் பனிநிலை 23-ஐ ஒட்டிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஈரம் தகட்டில் படியும். வெயில் ஏறி 30 டிகிரி, 65 சதவீதம் ஆனபிறகே பிரைமர் தெளிக்கும் துப்பாக்கியை எடுத்தேன். விளிம்புகளுக்கும் துளைகளுக்கும் தூரிகையால் இன்னொரு கை.

அடுத்து ரிப்புகளை, அதாவது தகட்டைத் தாங்கும் உள்சட்டங்களை, சேர்க்க வேண்டும். தகடும் தகடும் ஒட்டும் இடங்களில் பிரைமர் ஈரமாக இருக்கும்போதே ரிவெட் அடிப்பதாக இருக்கிறேன். எஃகு நேரடியாக அலுமினியத்தைத் தொடாதிருக்க, போல்ட்டுகளும் காட்மியம் பூசியவையே வந்திருக்கின்றன.