எலி உயரத்தில் ஒரு காடு

ஜப்பானியக் கதைப் புத்தகத்துக்கு வரைந்த எலிப் படம் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று வீட்டில் கேட்டார்கள். ஆமாம், எலிப் படம் பார்க்கத்தான்.

தோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் உத்சுனோமியா. அங்கிருந்து கராசுயாமாவுக்கு இரண்டு பெட்டி ரயில். அந்தக் கிளைப் பாதைக்கு மேலே மின்கம்பி கிடையாது, வண்டி பேட்டரியில் ஓடுகிறது. கடைசி ஸ்டேஷனில் மட்டும் தலைக்கு மேல் ஒரு துண்டுக் கம்பி. வண்டி நின்றதும் அதைத் தொட்டு சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது. அப்புறம் டாக்ஸி. மீட்டரைப் பார்க்காமல் வயலைப் பார்த்துக்கொண்டே போனேன்.

நகாகவாவில் கோயிசாகோ என்ற கிராமத்துக் குன்றின் மேல், ஓவியர் இவாமுரா கஸுவோ 1998-இல் தொடங்கிய படப்புத்தக அருங்காட்சியகம் இருக்கிறது. 1939-இல் தோக்கியோவில் பிறந்தவர் அவர். 1975-இல் குடும்பத்தோடு இதே தொச்சிகி மாவட்டத்தில் உள்ள மஷிகோவுக்கு, காட்டோரமாகக் குடிவந்தார். ஐந்து பிள்ளைகள். 1983-இல் அவருடைய '14 எலிகள்' வரிசையின் முதல் இரண்டு புத்தகங்கள் வந்தன. ஒன்றில் எலிக் குடும்பம் வீடு மாறுகிறது, மற்றதில் காலைச் சாப்பாடு. மொத்தம் 12 புத்தகங்கள்.

தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, பத்துக் குஞ்சுகள். குஞ்சுகளின் பெயர்களே ஒன்று முதல் பத்து வரையான ஜப்பானிய எண்களிலிருந்து வந்தவை. காலைச் சாப்பாட்டுப் புத்தகத்தில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. குஞ்சுகள் காட்டுப் பழம் பறிக்கப் போகின்றன, டொங்குரி மாவில் ரொட்டி வேகிறது, காளான் சூப் கொதிக்கிறது. டொங்குரி என்பது ஓக் மரத்துக் கொட்டை. அவ்வளவுதான் கதை. ஆனால் ஒரு பக்கத்தை விட்டு நகர எனக்குப் பத்து நிமிடம் ஆனது. பதினான்கும் ஆளுக்கொரு வேலையாக இருக்கின்றன, தூங்குமூஞ்சி எது என்று நாம்தான் தேட வேண்டும்.

மூலப் படங்களை நேரில் பார்த்தபோதுதான் இன்னொன்று பிடிபட்டது. இவாமுரா நின்றுகொண்டு காட்டைப் பார்க்கவில்லை. புல் மரமாக உயர்கிறது, காளான் குடையாக விரிகிறது. மனிதர் யாருமே இல்லை.

மனிதர் இல்லை என்றாலும் இது மனிதர் உருவாக்கிய காடுதான். கொனாரா, குனுகி என்ற ஓக் வகை மரங்களை விறகுக்கும் கரிக்கும் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டுவார்கள், அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். சருகு வயலுக்கு உரமாகும். காஸ் அடுப்பும் ரசாயன உரமும் வந்த பிறகு அந்தக் காடுகளைக் கவனிக்க ஆளில்லை, புதர் மண்டியது. இவாமுரா குடிவந்தது அதற்கும் அப்புறம். பெரிய மலை, அருவி என்று போகாமல், விறகுக்கு வெட்டிய இந்தச் சாதாரணத் தோப்பையே அவர் திரும்பத் திரும்ப வரைந்தார் என்பதுதான் எனக்குப் பிடித்தது. 2024 டிசம்பரில், 85 வயதில் காலமானார்.

வெளியே வந்தேன். நவம்பர், தரை முழுக்கச் சருகு. சரி, எலி உயரத்தில் பார்ப்போமே என்று மண்டியிட்டு, கன்னம் தரையில் படும் அளவுக்குக் குனிந்தேன். முழங்கால் நனைந்தது. ஒரு டொங்குரி பிளந்து, உள்ளிருந்து வேர் ஒன்று மண்ணைத் தேடி இறங்கியிருந்தது. நின்றிருந்தால் மிதித்திருப்பேன்.

அழைத்துப்போகத் திரும்பி வந்த டாக்ஸிக்காரர் என்னவோ கேட்டார், எனக்குப் புரியவில்லை. எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். வெள்ளைக் கையுறையைக் கழற்றிப் பையில் செருகிவிட்டு, அவரும் பக்கத்தில் குனிந்து சருகுகளை விலக்க ஆரம்பித்தார்.