பத்மினிக்கு ஒரு லாம்ப்டா மீட்டர்

என் பழைய பிரீமியர் பத்மினி கார் சேலத்தில் ஒரு வண்டி, ஏற்காட்டில் வேறொரு வண்டி. அஸ்தம்பட்டி சிக்னலில் சமர்த்தாக ஐடிலிங் நிற்கும். மேலே ஏற்காடு ஒண்டிக்கடையில் நிறுத்தினால் பெட்ரோல் வாசம் குப்பென்று அடிக்கும். "பிளக்கக் கழட்டிப் பாருங்க தம்பி, கரியே சொல்லிடும்" என்பார் மெக்கானிக் அண்ணன். பெட்ரோல் அதிகம் என்று சொல்லத்தான் செய்தது. எந்த வளைவில், எவ்வளவு என்றுதான் சொல்லவில்லை.

அதற்குப் புகைக்குழாயில் சென்சார் மாட்டி, காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவைக் காட்டும் மீட்டர் வேண்டும். முதலில் காசை மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். விளக்குகள் வரிசையாக எரியும் மலிவு மீட்டர், நேரோபேண்ட் சென்சார். பெட்ரோலும் காற்றும் சரியாகக் கலக்கும் புள்ளிக்குப் பக்கத்தில் அது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே தாவும், அவ்வளவுதான். ரிச்சா (பெட்ரோல் அதிகமா) லீனா (காற்று அதிகமா) என்று தெரியும். ஒரு பங்கு பெட்ரோலுக்குக் காற்று 12 பங்கா 13 பங்கா என்று தெரியாது. கார்புரேட்டர் ட்யூனிங்குக்கு அது கிளி ஜோசியம்.

அப்புறம் அந்த அளவையே எண்ணாகக் காட்டும் வைட்பேண்டுக்கு வந்தேன். மீட்டரின் அழகைவிட எந்தச் சென்சார் என்பதைத்தான் பார்த்தேன். பாஷ் எல்எஸ்யு 4.2 வகையை அவ்வப்போது வெளிக்காற்றில் பிடித்து அளவு சரிசெய்ய வேண்டும், 4.9-க்கு அந்த வேலை இல்லை. 4.9 எடுத்தேன். லாம்ப்டாவில் காட்டுகிறதா என்பது இரண்டாவது கேள்வி. இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சரியான கலவை 14.7 இல்லை, சுமார் 13.5. லாம்ப்டா என்றால் சரியான கலவை எந்தப் பெட்ரோலுக்கும் 1 தான்; 1-க்குக் கீழே ரிச், மேலே லீன், குழப்பமில்லை.

சைலன்சர் கடையில் குழாயில் ஓட்டை போட்டு 18 மில்லிமீட்டர் மரை கொண்ட நட்டைப் பற்றவைத்தார்கள். சென்சார் படுத்த வாக்கில் இருக்கக்கூடாது. நீர் தேங்கினால் உள்ளே சூடான பீங்கான் விரிசல் விட்டுவிடும் என்பதால் மேல்பக்கமாகச் சாய்த்து வைக்கச் சொன்னேன்.

முதல் நாள் ஐடிலிங்கில் 1.15, அதாவது லீன் என்று காட்டியது. பிளக்கோ ரிச் என்று சொல்லும் கன்னங்கரேல். இரண்டு நாள் கார்புரேட்டரைத் திருகித் திருகி இன்னும் கெடுத்தேன். கடைசியில் சைலன்சர் வாயைத் துணியால் அடைத்தபோது இன்ஜினோடு புகைக்குழாய் சேரும் மேனிஃபோல்ட் பக்கம் 'புஸ்' என்றது. நான் மாட்டிய கேஸ்கட்தான். அந்த இடுக்கில் வெளிக்காற்று உள்ளே போய் சென்சாரை ஏமாற்றியிருக்கிறது. திருகியதையெல்லாம் பழையபடி திருப்பிவைக்க ஒரு ஞாயிறு போனது.

சரி, மலைக்குப் போனோம். மச்சான் பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக. 20 கொண்டை ஊசி வளைவில் ஓட்டுபவன் மீட்டரைப் பார்க்க முடியாது. மறுபடி வாங்கினால் தானே பதிவு செய்து வைக்கும் வகையைத்தான் வாங்குவேன். அடிவாரம் தாண்டி இரண்டாம் கியரில் முழு மிதியில் 0.88; முழு மிதிக்குக் கொஞ்சம் ரிச்சாக இருப்பதுதான் நல்லது, அருமை. கடைசி வளைவுக்குப் பக்கத்தில் அதே மிதிக்கு 0.82. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் போல, ஏற்காடு 1,500. மேலே காற்று மெலிகிற அளவுக்குக் கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைப்பதில்லை. வாசத்துக்குக் கணக்கு கிடைத்துவிட்டது.

கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சிறு துளையான மெயின் ஜெட்டை ஓர் அளவு குறைத்தேன். மேலே 0.87. கீழே இறங்கினால் 0.93, ஐந்து ரோடு மேம்பாலம் ஏறும்போது லேசாகத் திணறுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஜெட் தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரை மலைக்குப் போகும்போது மாற்ற சின்ன ஜெட் ஒன்று டேஷ்போர்டில், தட்டுவடை பாக்கெட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.