நாற்சார் வீட்டின் பின்னறைவரை இன்டர்நெற்

பழைய வீட்டில் ஃபைபர் இணைப்பு, அதாவது கண்ணாடி இழையில் வெளிச்சமாக வரும் இன்டர்நெற், எடுக்க யோசிப்பவர்களுக்கு ஒரு விஷயம். கம்பனிக்காரர் முன் விறாந்தைவரை கொண்டுவந்து தருவார்கள். அங்கிருந்து கணினிவரை உள்ள தூரம் உங்கள் பாடு. எங்கள் வீட்டில் அந்தத் தூரம்தான் ஆளைச் சாப்பிட்டது.

அதற்கு முன் சிம் போடுகிற ரவுட்டர்தான் பாவித்தோம். பகல் டேட்டா, நள்ளிரவுக்குப் பிறகு வேறு டேட்டா என்று பிரித்துத் தருகிற பக்கேஜ். மகளின் உயர்தர வகுப்புகள் சூமில் நடக்கத் தொடங்கியதும் பகல் டேட்டா மாத நடுப்பகுதியிலேயே தீர்ந்துவிடும். இரவு டேட்டா சும்மா கிடக்கும். இரண்டு மணிக்கு யார் இரசாயனவியல் படிப்பிப்பார்கள்?

சரி, ஃபைபருக்கு விண்ணப்பித்தோம். வீடு கனடாவில் இருக்கும் மாமாவின் பெயரில், கறண்ட் பில் காலஞ்சென்ற அப்பப்பாவின் பெயரில். இங்கே பாதி வீடுகளின் கதை இதுதான். விதானையாரிடம் (கிராம சேவகர்) வதிவிடச் சான்று எடுத்து அடையாள அட்டைப் பிரதியோடு கொடுத்ததும் அந்தப் பிரச்சினை முடிந்தது. பிறகு வந்த பதில்தான் எரிச்சல்: கம்பத்துப் பெட்டியில் இடம் இல்லையாம். நிலையத்திலிருந்து வரும் ஒரு இழையின் வெளிச்சத்தை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். பெட்டி நிறைந்துவிட்டால் புதிதாக ஒன்று போடும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஒழுங்கையில் இன்னும் யாருக்கு வேண்டும் என்று விசாரித்து, ஐந்தாறு வீட்டார் சேர்ந்து கேட்டோம். அப்புறம் விஷயம் கொஞ்சம் அசைந்தது.

வந்தவர்கள் இரண்டு பொடியன்மார், நல்ல வேலைக்காரர். கம்பத்திலிருந்து நேராக இழுக்கப் பக்கத்து வளவுக்கு மேலால் போகவேண்டும். படலையில் நின்று அன்ரியிடம் கேட்டேன். "கொண்டு போங்கோ தம்பி, ஆனா கறுத்தக்கொழும்பான் மாங்கொப்பில கைவைக்கப்படாது" என்றார். கேபிளோடு சேர்ந்து வரும் இரும்புக் கம்பியை வெளிச்சுவர்க் கொக்கியிலேயே கட்டி நிறுத்திவிட்டு, இழையை மட்டும் உள்ளே எடுத்தார்கள்.

அந்த இழையை ஒருவர் உரித்துக் காட்டியபோதுதான் பார்த்தேன். கண்ணாடியின் தடிப்பு 0.125 மில்லிமீற்றர், தலைமயிர் மாதிரி. ஸ்பிரிட்டால் துடைத்து, சின்ன வெட்டியில் வைத்து ஒரே அமுக்கில் வெட்டினார். விழுந்த துண்டை ஒட்டும் டேப்பில் ஒற்றி எடுத்தார். "பிள்ளையைக் கிட்ட விடாதேங்கோ அண்ணை, காலில ஏறினா எடுக்கமாட்டியள்." பிறகு வெளிச்சத்தின் பலத்தை அளக்கும் மீற்றரைப் பிடித்தார். மைனஸ் 19 காட்டியது. மைனஸ் 27ஐத் தாண்டி இறங்கினால் வீட்டுப் பெட்டி, அதாவது ஃபைபர் ரவுட்டர், தடுமாறத் தொடங்குமாம். கேபிளை மூலையில் மடித்து ஆணி அடிக்காதீர்கள், வளைவில் வெளிச்சம் கசியும், பெட்டியில் சிவப்பு லைற் எரிந்தால் வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

விறாந்தையில் போனில் வேகம் அபாரம். நடு முற்றத்தைத் தாண்டினால் பாதி. கணினி இருக்கும் பின்னறையில் போன் சுற்றிக்கொண்டே நின்றது. சுவர் ஒன்றரை அடி, சுண்ணாம்புக்கல். வேகம் கூடிய 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை அலைக்கு இப்படி இரண்டு சுவர் போதும், படுத்துவிடும். 2.4 கொஞ்சம் ஊடுருவும், ஆனால் வேகம் குறைவு. ரிப்பீற்றர் வாங்கச் சொன்னவர்கள் பலர். அது சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் பெட்டி, பலவீனமான சிக்னலை வாங்கினால் வேகமும் குறைவாகத்தான் தரும் என்பது என் அபிப்பிராயம். எங்கள் மேசைக் கணினியில் வைஃபையே இல்லை. ஆகவே வயர்.

லான் வயர் 100 மீற்றர்வரை தாங்கும், எங்களுக்கு 30கூடத் தேவைப்படவில்லை. ரவுணில் இரண்டு பக்கமும் தலை அடித்துத் தந்த வயரைத் தாழ்வாரத்து வளையோடு கொண்டுபோனோம். அணில் கடிக்காமல் இருக்கப் பிவிசி குழாய்க்குள் விட்டு, கறண்ட் வயரிலிருந்து ஒரு சாண் தள்ளி.

குத்தினோம். லைற் எரிந்தது, இணையம் இல்லை. கணினியின் நெற்வேர்க் இலக்கத்தைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையை அடித்துப் பார்த்தால் 192.168.0.25. எங்கள் ரவுட்டர் கொடுப்பதோ 192.168.1 என்று தொடங்கும் இலக்கங்கள். கணினி முன்பு ஓர் அலுவலகத்தில் இருந்தது. அங்கே நிலையாகப் போட்டுவைத்த இலக்கத்தை யாரும் எடுக்கவில்லை. தானாகப் பெறும்படி மாற்றியதும் இணையம் வந்தது.

வந்தும் ஒரு பக்கமும் திறக்கவில்லை! எந்தத் தளத்துக்குப் போனாலும் "பாதுகாப்பற்றது" என்ற எச்சரிக்கை. மகள்தான் மூலையில் இருந்த தேதியைக் காட்டினாள். 2009 ஜனவரி. தாய்ப்பலகையில் இருக்கும் நாணய வடிவ பற்றரி செத்துவிட்டால், கறண்ட் நின்று வரும்போதெல்லாம் கணினி பழைய தேதிக்குப் போய்விடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களோ இந்த வருடம் கொடுக்கப்பட்டவை. 2009இல் இருக்கும் கணினிக்கு அவை இன்னும் பிறக்கவில்லை. மணிக்கூட்டுக் கடையில் 2032 இலக்க பற்றரி வாங்கிப் போட்டுத் தேதியைத் திருத்தினேன். எல்லாம் திறந்தது.

கடைசிச் சிக்கல் வேகம். ரவுட்டருக்குப் பக்கத்தில் போன் காட்டியதில் பாதிகூடக் கணினியில் இல்லை. நெற்வேர்க் விவரத்தில் இணைப்பு செக்கனுக்கு 100 மெகாபிற் என்று நின்றது, 1000 வரவேண்டியது. வயரில் எட்டு இழைகள். 100க்கு செம்மஞ்சள், பச்சைச் சோடிகள் போதும். 1000க்கு நீலமும் மண்ணிறமும் வேலை செய்யவேண்டும். தலையை வெட்டிப் பார்த்தால் மண்ணிறம் உள்ளே முறிந்திருந்தது. பிளேட்டால் சுரண்டினேன்: மேலே செம்பு, உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம், வளைத்தால் ஒடியும் சாதி. முழுச் செம்பு வயர் விலை கூடத்தான், ஆனால் அதை மாற்றியதும் 1000 வந்துவிட்டது. வாங்கும்போதே நுனியைச் சுரண்டிப் பாருங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

ரவுட்டருக்கு, கறண்ட் நின்றாலும் பற்றரியில் ஓட வைக்கும் 12 வோல்ற்று மினி யூபிஎஸ் ஒன்றும் போட்டோம். நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள பிரிப்புப் பெட்டிக்குக் கறண்டே வேண்டாம் என்பதால், ஒழுங்கை இருட்டில் கிடந்தாலும் போனில் வகுப்பு ஓடும். ஐப்பசி கார்த்திகையில் இடி முழங்கினால் மட்டும் அடப்ரரையும் லான் வயரையும் கழற்றிவிடுகிறோம். கண்ணாடி இழை வழியாக மின்னல் வராது, கறண்ட் வயர் வழியாக வரும்.