கடைசிப் பாட்டில் விழும் மண்

இரவு ஷிப்ட் முடிந்து ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி திரும்பும் கம்பெனி பஸ்ஸில், சூளகிரியைத் தாண்டும்போது என் இயர்போன் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பாடிக்கொண்டிருந்த குரல் மங்கியது. கிட்டாரின் ஓசை கம்பளிப் போர்வைக்குள் போனது போல அடங்கியது. நடுவில் ஏதோ தொப்பென்று விழும் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. வயரை முறுக்கிப் பார்த்தேன், பிளக்கைக் கழற்றி மாட்டினேன், பயனில்லை. அதற்குள் பாட்டே முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி கேட்டபோதுதான், அந்தப் பாட்டு முடிவதே அப்படித்தான் என்பதும், விழுந்துகொண்டிருந்தது மண் என்பதும் புரிந்தன. பாடுகிறவரையும் பாட்டையும் சேர்த்தே மண் தள்ளி மூடுகிறார்கள்.

பாட்டின் பெயர் 'சைல்ட் ஆஃப் டஸ்ட்'. கலிஃபோர்னியாவின் அர்வைன் நகரைச் சேர்ந்த த்ரைஸ் என்ற குழுவின் 'தி ஆல்கெமி இன்டெக்ஸ்' என்னும் கான்செப்ட் ஆல்பத்தில், அதாவது எல்லாப் பாட்டுகளையும் ஒரே கருத்தில் கோத்த தொகுப்பில், கடைசியாக வருவது. பாடி கிட்டார் வாசிக்கும் டஸ்டின் கென்ஸ்ரூ, கிட்டாரோடு கீபோர்டும் வாசிக்கும் டெப்பே டெரனிஷி, பேஸ் கிட்டாருக்கு எடி பிரெக்கன்ரிட்ஜ், டிரம்ஸுக்கு அவருடைய சகோதரர் ரைலி பிரெக்கன்ரிட்ஜ் என்று நான்கே பேர். ஆல்பமும் நெருப்பு, நீர், காற்று, மண் என்று நான்கு இசைத்தட்டுகள். தட்டுக்கு ஆறு வீதம் 24 பாட்டுகள். முதல் இரண்டு தட்டுகள் 2007 அக்டோபரிலும், பின்னிரண்டும் 2008 ஏப்ரலிலும் வெளிவந்தன. இவர்களை போஸ்ட்-ஹார்ட்கோர் என்ற வகையில் சேர்ப்பார்கள். ஹார்ட்கோர் பங்க் என்னும் ஆவேசமான ராக் இசையின் வேகத்தையும் கத்தலையும் வைத்துக்கொண்டே, தாளத்தையும் அமைப்பையும் விரித்துப் பார்த்தவர்களின் இசை அது. 1980களில் வாஷிங்டன் நகரத்துக் குழுக்கள் அதில் பெரும்பங்கு வகித்தன. 2003இலும் 2005இலும் பெரிய நிறுவனம் ஒன்றின் வழியே ஆல்பங்களை வெளியிட்ட த்ரைஸ், இந்த நான்கு தட்டுகளுக்காகச் சிறிய நிறுவனம் ஒன்றுக்கு மாறி, ஒலிப்பதிவின் பெரும்பகுதியை டெரனிஷியின் வீட்டிலேயே செய்துகொண்டது.

கான்செப்ட் ஆல்பம் என்றதும் பெரும்பாலும் ஒரு கதையை எதிர்பார்க்கிறோம். நாயகன் ஒருவன் இருப்பான், அவனுக்கு ஏதோ நேரும், பாட்டுக்குப் பாட்டு கதை நகரும். இந்த ஆல்பத்தில் அப்படி ஒரு கதை கிடையாது. பலமுறை கேட்ட பிறகு எனக்குத் தோன்றியது, இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க நம்மிடம் திணை என்ற முறை இருக்கிறது என்பதுதான். தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே சொல்கிறது. குறிஞ்சி என்றால் தொண்டகப் பறை, நெய்தல் என்றால் விளரி யாழ். நிலம் மாறினால் அதன் தோல்கருவியும் நரம்புக்கருவியும் மாறியே ஆக வேண்டும் என்ற அந்தக் கறாரான கணக்கைப் பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தேன். அதன் நியாயம் எனக்கு விளங்கியது இந்த ஆல்பத்தில்தான். நெருப்புக்கு முறுக்கேற்றிய கிட்டாரும் கத்தலும். நீருக்குக் கீபோர்டும் மின்னணுத் தாளமும். காற்றுக்கு இடைவெளி விட்டுவிட்டு எழும் மெல்லிய மீட்டல். மண்ணுக்கு மின்சாரம் ஏறாத மரக்கிட்டாரும் பியானோவும். ஒரே நான்கு பேர், நான்கு திணைக்கு நான்கு பறையும் நான்கு யாழும் எடுத்துக்கொண்டார்கள்.

நெருப்புத் தட்டைக் கேட்கும் நண்பர்களில் பலர் முதல் பாட்டான 'ஃபயர்பிரீதர்' முடிவதற்குள் நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். கத்துகிறார்கள் என்பதுதான் குறை. எனக்கு அந்தக் குரல் ஒருபோதும் அந்நியமாகப் படவில்லை. எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது, மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக் கிழவிக்கும் கேட்க வேண்டும் என்று எடுத்த குரலை, மைக் வந்த பிறகும் கூத்துக்காரர்கள் குறைத்துக்கொள்ளவில்லை. முகவீணையையும் மத்தளத்தையும் மீறிக்கொண்டு விடியற்காலை நான்கு மணிக்குத் துரியோதனன் எடுக்கும் குரலைக் கேட்டு வளர்ந்தவனுக்கு, டஸ்டின் கென்ஸ்ரூவின் கத்தல் தெரிந்த குரல்தான். முப்பது ஆண்டுகள் வேஷம் கட்டிய என் பெரியப்பாவுக்கு ஒருமுறை இந்தத் தட்டிலிருந்து ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினேன். இயர்போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி முழுப் பாட்டையும் கேட்டார். "தொண்டையில கத்தலடா இவன், வயித்துல இருந்து எடுக்கறான். இல்லன்னா ரெண்டு ராத்திரிக்குத் தாங்காது" என்றார். மொழி ஒரு சொல்கூடத் தெரியாத ஒருவர், தொழில் தெரிந்ததால் சொன்ன சொல் அது. அதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

நீர்த் தட்டோடு எனக்கு ஒரு பிணக்கு உண்டு. அதை ஒளிக்க விரும்பவில்லை. 'டிஜிட்டல் சீ' என்று தொடங்கி, பாட்டு வரியே இல்லாத 'நைட் டைவிங்' வழியாக, திமிங்கில வேட்டைக்காரனின் பாட்டு வரை அது முழுக்கக் கடல். ஆழம், குளிர், இருட்டு. எனக்குத் தெரிந்த நீர் காவிரியும் தென்பெண்ணையும். ஒகேனக்கல்லில் பாறையில் மோதி நீர் புகையாக எழுவதைப் பார்த்துத்தான் கன்னடத்தில் புகையும் கல் என்று அந்த இடத்துக்கே பெயர் வைத்தார்கள். அங்கே பரிசலில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. அந்த இரைச்சலுக்கு இந்தத் தட்டில் இடமில்லை. இது இசையின் குற்றம் என்று சொல்ல மாட்டேன், பசிபிக் கடற்கரை மாநிலத்தில் வாழ்பவர்கள் அவர்களுடைய நெய்தலைப் பாடினார்கள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்த ஆறு பாட்டுகளை நான் மரியாதையோடுதான் கேட்கிறேன், உரிமையோடு அல்ல.

காற்றுத் தட்டில் 'டீடலஸ்' என்ற ஒரு பாட்டுக்காகவே மற்ற ஐந்தையும் மன்னிக்கலாம். மெழுகில் இறகு ஒட்டி மகனோடு தீவுச் சிறையிலிருந்து பறந்து தப்பிய கிரேக்கத் தச்சனின் பழங்கதையை, மகனை இழக்கும் தகப்பனின் வாயால் சொல்கிறார்கள். பாட்டு அமைதியாகத் தொடங்கி மேலே மேலே ஏறி, மகன் விழும் இடத்தில் தகப்பனின் குரல் கடவுளரை நோக்கிக் கதறலாக உடைகிறது. காற்றுக்குப் பெரும்பாலும் கத்தலே கொடுக்காமல் சேர்த்து வைத்திருந்தது இந்த இடத்தில் செலவழிக்கத்தான் என்று நம்புகிறேன்.

இவ்வளவும் சேர்ந்தாலும் இதை நல்ல ஆல்பம் என்று மட்டும்தான் சொல்லியிருப்பேன். இதைப் பெரிய ஆல்பமாக்குவது ஒவ்வொரு தட்டின் ஆறாவது பாட்டு. நான்கு தட்டுகளிலும் ஆறாவது பாட்டு சானெட் என்ற ஐரோப்பியக் கவிதை வடிவம். பதினான்கு அடி, அடிக்குப் பத்து அசை, மெலிந்தும் அழுத்தியும் மாறி மாறி வரும் நடை, கடைசி இரண்டு அடிகள் இயைபுத்தொடையோடு முடியும். அவற்றில் பேசுவது மனிதன் அல்ல. நெருப்பும் நீரும் காற்றும் மண்ணும் மனிதனை முன்னால் நிறுத்தி நேராகப் பேசுகின்றன. அதற்கும் மேலே, நான்கு சானெட்டுகளிலும் அந்தக் கடைசி இரண்டு அடிகளுக்கு ஒரே மெட்டு, சேர்ந்தொலிக்கும் சுரங்களான கார்டுகளின் ஒரே வரிசை. சுருதி மட்டும் மாறுகிறது. வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றில்தான் முடிய வேண்டும் என்ற கட்டுப்பாட்டைச் சுமையாக நினைக்காமல் அதிலேயே விளையாடிய மரபில் வந்தவர்களுக்கு, இந்த ஒழுங்கின் இன்பத்தை விளக்க வேண்டியதில்லை. கிட்டாரை உடைக்கிற இசை என்று பெயர் வாங்கிய ஒரு வகையில், அசை எண்ணிப் பாட்டுக் கட்டி, நான்கு பூதங்களுக்கும் ஒரே ஈற்றைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது தட்டு முடியும்போது இந்த மெட்டை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றும். நான்காவதில் அதற்காகக் காத்திருப்போம்.

ஐந்தாவது பூதம் எங்கே என்று கேட்கத் தோன்றும். அவர்கள் எடுத்துக்கொண்டது நான்கு பூதங்களைக் கொண்ட கிரேக்கக் கணக்கு. நம் தத்துவ நூல்கள் ஆகாயத்தின் குணம் ஒலி என்கின்றன. அப்படியானால் ஒலியால் செய்த எந்தப் பொருளும் ஏற்கெனவே ஆகாயத்துக்குள்தான் இருக்கிறது, தனித்தட்டு தேவையில்லை.

மண் தட்டுக்கு வருகிறேன், நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். இதில் வாஷிங்டன் வட்டாரத்து ஃப்ரோடஸ் குழுவின் பழைய பாட்டு ஒன்றை எடுத்து மறுபடி பாடியிருக்கிறார்கள். களைத்தவர்களை அருகே அழைக்கும் 'கம் ஆல் யூ வியரி' என்ற அருமையான பாட்டும் உண்டு. எல்லாம் போய்ச் சேருமிடம் 'சைல்ட் ஆஃப் டஸ்ட்'. அதில் மண் தாயாக நின்று, ஊதாரியாகப் போன மகனோடு பேசுகிறது: உனக்கு உயிர் கொடுத்தது நானல்ல, உருவம் கொடுத்தது நான், பைபிளில் வரும் சொர்க்கமான ஏதேன் தோட்டத்துச் செல்வத்தை எல்லாம் உன் கண்முன் பரப்பி வைத்தேன், நீ பூச்செடிகளைப் பிடுங்கி எறிந்து அந்தக் குழிகளை இரத்தத்தால் நிரப்பினாய் என்கிறது. இன்றைய தருமபுரியான தகடூரை ஆண்ட அதியமானைப் பாடிய அவ்வையார், புறநானூற்றில் நிலத்தையே விளித்துப் பேசுகிறார்: நாடோ காடோ, பள்ளமோ மேடோ, நீ எதுவாக இருந்தாலும், எங்கே ஆடவர் நல்லவரோ அங்கே நீயும் நல்லை, வாழிய நிலனே என்கிறார். அங்கே மனிதர் நிலத்தைப் பார்த்துச் சொன்னதற்கு, இங்கே நிலம் மனிதரைப் பார்த்துப் பதில் சொல்வது போல எனக்குக் கேட்கிறது.

குழி என்ற சொல் வரும் இடத்தில் என் மனம் பர்கூர்ப் பக்கம்தான் போகும். அங்கே பல இடங்களில் மலை இருந்த இடத்தில் குவாரிப் பள்ளம் இருக்கிறது. கைவிட்ட பள்ளங்களில் மழைநீர் பச்சையாகத் தேங்கி, நான்கு பக்கமும் ரம்பத்தால் அறுத்த கல்சுவர் செங்குத்தாக நிற்கும். எங்கள் மாவட்டத்தில் வெட்டி எடுக்கும் வரிக்கல் ஒன்றை உலகச் சந்தையில் பாரடைசோ என்ற பெயரில் விற்கிறார்கள். சொர்க்கம் என்று பொருள். ஏதேன் என்ற சொல்லை அந்தப் பாட்டில் கேட்கும்போதெல்லாம், லாரியில் சங்கிலி போட்டுக் கட்டிய அந்தக் கற்பாளங்கள் கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வரிசையில் நிற்பது என் கண்ணில் வந்து நிற்கிறது.

ஆனால் பாட்டு குற்றச்சாட்டோடு நிற்பதில்லை. விதை செத்தால்தான் முளைக்கும், வா, மேலே உலகம் எப்படிச் சுழன்றாலும் இங்கே எந்த மண்வெட்டியும் உன்னைத் தேடி வராது, உண்மையாகத் தூங்குவது எப்படி என்று உனக்கு நான் கற்றுத்தருகிறேன் என்று முடிகிறது. அந்தக் கடைசி இரண்டு அடிகள் நான்கு தட்டுகளுக்கும் பொதுவான அதே மெட்டில் வருகின்றன. அதற்குப் பிறகு மண் விழத் தொடங்குகிறது.

போன ஆடியில் பாட்டியை எங்கள் நிலத்திலேயே அடக்கம் செய்தோம். மூன்று பிடி மண் போடும்போது கவனித்தேன். முதல் பிடி கோடித்துணியின் மேல் விழுந்தபோது சடசடவென்று தெளிவாகக் கேட்டது. இரண்டாவது கொஞ்சம் மங்கிக் கேட்டது. பிறகு மண்வெட்டியால் தள்ளத் தொடங்கியதும் மண்ணின் மேல் மண் விழும் கனத்த ஓசை மட்டும் இருந்தது, சிறிது நேரத்தில் அதுவும் குறைந்தது. அந்தப் பாட்டின் முடிவிலும் ஓசை இதே வரிசையில்தான் மங்குகிறது. ஒரே வேறுபாடு, நான் மேலே நின்றுகொண்டு கேட்டேன். பாட்டு அதைக் குழிக்குள்ளிருந்து கேட்க வைக்கிறது. காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் இரவு, பஸ் சூளகிரியைத் தாண்டும்போது அதைப் போட்டேன். வயரைத் தொடவில்லை.