முதுகில் எழுதப்பட்ட பட்டம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பட்டமளிப்பு விழாவுக்குப் போகும் நம்மவர்களில் பலர் சதுரத் தொப்பியையும் அதன் குஞ்சத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த உடையில் படித்தறிய ஏதாவது இருக்கிறதென்றால், அது ஹூட் எனப்படும் துணியில்தான் இருக்கிறது. கழுத்தின் முன்புறம் வெறும் வெல்வெட் பட்டையாகத் தெரிந்து, தோள்களைச் சுற்றிப் போய், முதுகில் நீளமாக இறங்கும் இந்தத் துணி, இடைக்கால ஐரோப்பாவில் குளிருக்குத் தலையை மூடிக்கொள்ளப் பயன்பட்ட முக்காட்டின் வழிவந்தது. இன்று அதை யாரும் தலையில் போட்டுக்கொள்வதில்லை.

ஹூட்டின் நீளம் பட்டத்தின் நிலையைச் சொல்லும்: இளநிலைக்கு 3 அடி, முதுநிலைக்கு 3½ அடி, முனைவருக்கு 4 அடி. ஓரத்து வெல்வெட்டின் அகலமும் அதே வரிசையில் 2, 3, 5 அங்குலம் என்று கூடிக்கொண்டே போகும். வெல்வெட்டின் நிறம் துறைக்குரியது. மருத்துவத்துக்குப் பச்சை, சட்டத்துக்கு ஊதா, பொறியியலுக்கு ஆரஞ்சு, இறையியலுக்குச் செந்நிறம், இசைக்கு இளஞ்சிவப்பு, நூலக அறிவியலுக்கு எலுமிச்சை மஞ்சள். உள்பக்கத்துப் பளபளப்பான துணி, பட்டம் தந்த பல்கலைக்கழகத்தின் நிறத்தில் இருக்கும். அதற்கு இரண்டு நிறங்கள் உண்டென்றால் ஒன்றின் மேல் மற்றொன்று வி வடிவப் பட்டையாக ஓடும். பிரின்ஸ்டனுக்கு ஆரஞ்சின் மேல் கறுப்பு, கொலம்பியாவுக்கு வெளிர்நீலத்தின் மேல் வெள்ளை. இதனால்தான் எனக்கு மாணவர்களின் வரிசையைவிடப் பேராசிரியர்களின் ஊர்வலம் பிடிக்கும். அவர்கள் இன்று எங்கே பாடம் நடத்துகிறார்கள் என்பதை அல்ல, எங்கே படித்துப் பட்டம் பெற்றார்கள் என்பதையே ஹூட் காட்டும் என்பதால், ஒரே துறையைச் சேர்ந்த பத்துப் பேர் நடந்து போனாலும் பத்து முதுகுகளும் வெவ்வேறு ஊர்களைச் சொல்லும்.

பல நூற்றாண்டுப் பழமை உடையதுபோலத் தோன்றும் இந்த ஒழுங்கு உண்மையில் 1895இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் உருவானது. அதற்கு நுட்ப ஆலோசகராக இருந்தவர் கார்ட்னர் காட்ரெல் லியோனார்ட். நியூயார்க் மாநிலத்து ஆல்பனி நகரில் உடை வணிகம் செய்துவந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். 1887இல் வில்லியம்ஸ் கல்லூரியில் தம் வகுப்புக்கான அங்கிகளைத் தாமே வடிவமைத்தவர். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்த உள்துணி என்று பதிவு செய்துவைக்கும் அலுவலகத்துக்கு 1902இல் நியூயார்க் மாநிலத்தின் சாசனமும் கிடைத்தது. அங்கி விற்பவரே அங்கிக்கான விதியையும் வகுக்க உதவினார் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவர் செய்த வேலையைக் குறை சொல்ல முடியவில்லை. பிரிட்டனில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென்று ஒரு வடிவத்தையும் நிறத்தையும் வைத்துக்கொண்டிருக்க, அமெரிக்காவில் ஒரே இலக்கணத்தைக் கற்றுக்கொண்டால் பெரும்பாலான ஹூட்களைப் படித்துவிடலாம். ஹார்வர்டு மட்டும் தன் வழியில் போகிறது. அங்கே துறையின் நிறத்தை அங்கியின் முன்புறத்தில் தைக்கப்படும் காக்கைக்கால் வடிவச் சின்னத்தில்தான் தேட வேண்டும்.

இந்த இலக்கணத்தில் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பிஎச்.டி. பட்டத்துக்கு எந்தத் துறையானாலும் வெல்வெட் கருநீலம்தான். வேதியியலில் ஆய்வு செய்தவரும் வரலாற்றில் ஆய்வு செய்தவரும் ஒரே நிறத்தை அணிய வேண்டும், ஏனென்றால் அங்கே குறிக்கப்படுவது தத்துவத்தில் முனைவர் என்ற பட்டமே தவிர ஆய்வுப் பொருள் அல்ல. அறிவியலுக்குப் பொன்மஞ்சள் என்று பட்டியலில் இருப்பதைப் பார்த்து அந்த நிறத்தைக் கேட்பவர்கள் இருந்ததால், அமெரிக்கக் கல்விக் குழு 1986இல் இதைத் தெளிவுபடுத்தி விதியைத் திருத்தியது.

ஹூட் அணிவிக்கும் சடங்கு முனைவர்களுக்கே முழுமையாக நடக்கிறது. இளநிலை மாணவர்கள் பெரும்பாலான இடங்களில் ஹூட் அணிவதே இல்லை. முதுநிலை மாணவர்கள் பல இடங்களில் அதை அணிந்துகொண்டே வந்துவிடுகிறார்கள். முனைவர் பட்டம் பெறுபவரோ அதை மடித்துக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு மேடையேற, நெறியாளர் வாங்கிப் பின்னாலிருந்து தலைக்கு மேலாகப் போடுகிறார். என் அக்கா மகளின் விழாவில் நான் கவனித்தது இந்தக் கணத்தின் நடைமுறைச் சிக்கல்களைத்தான். குட்டையான நெறியாளருக்கு உயரமான மாணவர் முழங்காலை மடக்கிக் கொடுக்க வேண்டும். தொப்பியைத் தட்டிவிடாமல் போட வேண்டும். வெல்வெட் வெளிப்பக்கம் வர வேண்டும். முதுகில் உள்துணி புரண்டு தெரிய வேண்டும். முன்புறம் ஹூட்டைச் சட்டைப் பொத்தானில் மாட்ட ஒரு சிறு கயிற்று வளையம் இருக்கிறது. புடவை கட்டியவளுக்குப் பொத்தான் ஏது? மாட்டாமல் விட்டால் ஹூட்டின் கனம் பின்னால் இழுத்துக் கழுத்தை நெரிக்கும். அக்கா தன் தாலிக்கொடியிலிருந்து ஊக்கு ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள், பிரச்சினை தீர்ந்தது.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இதைவிடப் பழைய முறை இருக்கிறது: பட்டதாரி மண்டியிட, வேந்தர் பழந்தொப்பி ஒன்றால் தலையைத் தொட, ஹூட் தோள்களில் விழுகிறது. அங்கே அதைப் போடுபவர் பல்கலைக்கழகத்தின் சடங்கு அலுவலர். நெறியாளரின் கையால் போடும் அமெரிக்க வழக்கமே எனக்கு மேலாகப் படுகிறது. சில ஆண்டுகள் அத்தியாயம் அத்தியாயமாகத் திருத்தியவருக்குத்தானே அந்த உரிமை.

இந்தியாவில் கறுப்பு அங்கி வேண்டாம் என்ற குரல் பலமுறை எழுந்திருக்கிறது. 2010இல் போபாலில் நடந்த பட்டமளிப்பு விழாவில் மத்திய அமைச்சர் ஜெயராம் ரமேஷ் மேடையிலேயே அங்கியைக் கழற்றினார். 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு கைத்தறி உடையைப் பரிந்துரைத்தது. நம் வெயிலில் அந்த அங்கிக்காக வாதாட எனக்கு மனமில்லை. ஆனால் அதற்குப் பதிலாகத் தரப்படும் அங்கவஸ்திரம் பட்டம் பெற்ற எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்தால், எந்தத் துறை, எந்த நிலை என்பது அதோடு போய்விடும். கரையின் அகலத்தையும் நிறத்தையும் வைத்து இவற்றைச் சொல்ல நம் நெசவாளர்களால் முடியும், கேட்பவர்கள்தான் வேண்டும்.

அமெரிக்காவில் பிள்ளைகளின் விழாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாடகை அங்கியைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். ஹூட் பல இடங்களில் நமக்கே. வெல்வெட்டின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள். நீராவி பட்டாலே சுருக்கம் போய்விடும். முன்னாலிருந்து எத்தனை படம் எடுத்தாலும், உள்துணியைச் சரியாகப் புரட்டிவிட்டுப் பின்னாலிருந்தும் ஒன்று எடுத்துவிடுங்கள்.