மழைக்குப் பிறகு எடை போடாதீர்கள்

பர்கூர் மாட்டைத் தராசில் ஏற்றிவிட்டு "வளர்ச்சி குறைவு" என்று எழுதுவது எளிது. கால்நடைப் பணியில் அப்படிப்பட்ட அறிக்கைகளை நிறையவே படித்திருக்கிறேன். எண்கள் பொய்யல்ல. எந்தப் பருவத்தில், எந்த வேளையில் எடுத்த எண்கள் என்பதுதான் அவற்றில் இருப்பதில்லை.

ஈரோடு மாவட்டம் அந்தியூர் வட்டத்து மலைகளில் பட்டி போட்டு வளர்க்கப்படும் மாடுகள் இவை. செந்நிற உடலில் வெள்ளைத் திட்டுகள் இருப்பதால் செம்மறை என்றும் சொல்வார்கள். புதிய ஆள் நெருங்கினால் கொம்பைத் தாழ்த்திவிடும். நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதன் வர்க்கத்தை உடல் நீளத்தால் பெருக்கி 660ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை வரும் என்பது பாடம். (பாடம் எழுதியவருக்கு நின்றுகொடுக்கிற மாடு வாய்த்திருக்க வேண்டும்.) இங்கே நாடாவைப் பிடிப்பவர் மேய்ப்பவர்தான். கன்னடத்தில் ஏதோ பேசிக்கொண்டே கழுத்துக்கடியில் தொங்கும் அலைதாடியைச் சொறிந்து, மாடு கண்ணை அரைவாசி மூடும் நேரத்தில் நாடாவைச் சுற்றிவிடுவார். நான் வேலிக்கு வெளியே நின்று எண்ணைக் குறித்துக்கொள்வேன்.

மேய்ச்சலைக் கூடவே நடந்து பார்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் புரியும். மாடு மேட்டை நேராக ஏறாது. சரிவுக்குக் குறுக்கே போய், திரும்பி, மறுபடியும் குறுக்கே போகும். தலைமுறை தலைமுறையாகக் குளம்பு பட்ட இடங்கள் படிக்கட்டுபோல வரிவரியாகக் கிடக்கின்றன. மேல்தாடையில் முன்பல் இல்லாததால் நாக்கை வளைத்துப் புல்லைச் சுருட்டி இழுக்கும். ஆடு கடிக்கும் குட்டைப் புல் அதற்கு எட்டாது. கோடையில் புல் காய்ந்து சருகானதும் தலை நிமிர்ந்துவிடும்: மூங்கில் இலை, தழை, உதிர்ந்த காய் என்று தேடும். உண்ணிச்செடி (லந்தானா) மண்டிய இடத்தில் அடியில் புல் இல்லை. அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். தின்றதில் ஒரு பங்கு நடைக்கே செலவாகிவிடுகிறது. சிறிய உடல் என்பதால்தான் மீதியை வைத்துக்கொண்டு கோடையைத் தள்ள முடிகிறது. அதையே குறை என்று எழுதுகிறோம்.

கோடை மழை பெய்து புல் துளிர்த்த வாரத்தில் எடை போடப் போனபோது ஒரு மேய்ப்பவர் தடுத்தார். "இப்போது வேண்டாம் சார். புல் தண்ணீராக இருக்கிறது, வயிற்றில் நிற்காது." போட்டுப் பார்த்தோம்; பல மாடுகளின் எடை முன்பைவிடக் குறைந்திருந்தது. ஆனால் மயிர் பளபளத்தது, இடுப்பெலும்பின் முனை மழுங்கத் தொடங்கியிருந்தது, சாணம் இளகியிருந்தது. காய்ந்த தீனி வயிற்றில் நெடுநேரம் தங்கும். இளம்புல் விரைவாகக் கடந்துவிடும். அசைபோடும் விலங்கின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் வயிற்றில் கிடக்கும் தீனியும் நீரும்தான். குறைந்தது அந்தச் சுமை, சதை அல்ல. கோடையில் பின்தங்கிய கன்றுகள் அடுத்த மாதங்களில் வேகமாக ஈடுகட்டிக்கொள்வதையும் பார்த்தேன். அதன்பின் விடியலில் பட்டி திறக்கும் முன் மட்டுமே எடை எடுத்தேன். பதிவேட்டில் மயிர், எலும்பு, சாணம் மூன்றுக்கும் தனிப் பத்தி போட்டுக்கொண்டேன். படிவத்தில் அதற்கு இடமில்லை, ஓரத்தில் எழுதினேன்.

இந்த இனத்தைக் காக்க 2015இல் துருசனாம்பாளையத்தில் ஆராய்ச்சி நிலையம் வந்தது, நல்லது. ஆனால் மலையில் மேய்ச்சல் சுருங்கி வருகிறது. வனங்களில் மேய்ச்சலுக்கு 2022இல் உயர் நீதிமன்றம் விதித்த தடை பின்னர் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்ற அளவில் நின்றது. 2024இல் அந்தியூர்ப் பகுதிக் காடுகளே தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. மேய்ப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் இப்போது இதைப் பற்றித்தான். கொட்டிலில் கட்டித் தீனி போட்டால் பர்கூர் மாடும் நல்ல எடை காட்டும். அந்தக் கன்றுக்குச் சரிவில் குறுக்கே நடக்க யார் பழக்குவார்கள் என்று ஒரு பெரியவர் கேட்டார். பழக்குவது கிழட்டுப் பசுதான், அதுவும் கொட்டிலில்தானே நிற்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார்.