பாலுக்கு நடந்து போக ஓர் ஊர்

எசெக்ஸ் என்று ஒரு பலகை. கொஞ்சம் தள்ளி மிடில்செக்ஸ், இன்னொரு பக்கம் சாத்தம். லண்டனிலிருந்து வேலை மாற்றலில் நியூ ஜெர்சி வந்து இறங்குகிறவருக்கு முதல் வாரம் இந்தப் பெயர்களே பெரிய ஆறுதல். வீடு காட்டியவர் "கடை பத்து நிமிஷம்தான்" என்று சொல்லியிருப்பார். பால் தீர்ந்ததும் ஒரு துணிப்பையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினால், நாலு வீடு தாண்டியதும் நடைபாதை நின்றுவிடும். சுவரோ வேலியோ கிடையாது. சிமெண்ட் முடிந்து யாரோ ஒருவரின் புல்வெளி தொடங்கும், அவ்வளவுதான். எதிரே வரும் கார் வேகத்தைக் குறைக்கும். கண்ணாடி இறங்கும். "வண்டி பழுதா, எங்காவது கொண்டுபோய் விடட்டுமா?" அந்த அன்புதான் சுடும். பத்து நிமிடம் என்றது கார் நிமிடம்.

லண்டனின் ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ இருந்தவருக்கு இதைப் பற்றி யோசிக்கவே தோன்றியிருக்காது. வீட்டுக் கதவைத் திறந்தால் நடைபாதை, அது எப்படியும் ஹை ஸ்ட்ரீட் என்ற கடைத்தெருவில் போய் முட்டும் என்பது குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவது போல. அதனால் ஊர் பார்க்கும்போது எல்லோரும் பள்ளியின் தரவரிசை, ரயில் நேரம், சொத்து வரி மூன்றையும்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியவைதான். வரி மட்டும் கொஞ்சம் மயக்கம் தரும்: அங்கே வீட்டுக்குக் கட்டும் கவுன்சில் டாக்ஸ் வருடத்துக்கு இரண்டாயிரம் சொச்சம் பவுண்டு என்று பழகியவருக்கு, நியூ ஜெர்சியின் சராசரி வீட்டு வரி 2024-இல் வருடத்துக்கு 10,000 டாலரைத் தாண்டியது என்பது புரிய இரண்டு முறை படிக்க வேண்டும். மாநில அளவில் அதில் பாதிக்கும் மேல் பள்ளிகளுக்குப் போகிறது. வாடகைக்கு இருப்பவருக்கு ரசீது வராது, வாடகையிலேயே அது ஒளிந்திருக்கும்.

ஆனால் நடை விஷயத்தை எந்தத் தரவரிசையும் சொல்லாது. கடை எத்தனை மைல் என்று கணக்குப் போடும் மதிப்பெண்கள் உண்டு. வழியில் கால் வைக்க இடம் இருக்கிறதா என்பதற்கு அவற்றை நம்ப முடியாது.

முதல் குழி ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. இந்தச் சின்ன மாநிலத்தில் 564 உள்ளாட்சிகள். 1894-இல் பிடித்த ஒரு காய்ச்சலில் பெர்கன் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) மட்டும் ஒரே வருடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பரோக்கள், அதாவது சிறு நகராட்சிகள், தனியே பிரிந்தன. பள்ளிக்கு வரி யார் கட்டுவது என்ற சண்டைதான் முக்கியக் காரணம். அதன் மிச்சம், பல இடங்களில் ஒரே பெயரில் இரண்டு ஊர்: நடுவில் பரோ, அதைச் சுற்றி டவுன்ஷிப் என்ற இன்னொரு உள்ளாட்சி. சாத்தம் பரோவில் ரயில் நிலையமும் கடைத்தெருவும் உண்டு. சாத்தம் டவுன்ஷிப்பில் நிலையம் கிடையாது, பல தெருக்களில் நடைபாதையும் கிடையாது. அஞ்சல் முகவரி இரண்டுக்கும் சாத்தம், 07928 தான். பள்ளி நிர்வாகமும் ஒன்றுதான் என்பதால் விளம்பரத்தில் பொய் எதுவும் இருக்காது. எந்த உள்ளாட்சிக்கு வரி போகிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, வீடு கட்டிய வருடம். ரயிலை நம்பி 1900-லிருந்து 1930 வரை எழுந்த தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டவை. நடைபாதையும் மரமும் பெரும்பாலும் இருக்கும். மேப்பிள்வுட், சவுத் ஆரஞ்ச், வெஸ்ட்ஃபீல்ட், ரிட்ஜ்வுட் எல்லாம் இந்த வகை. 1950-க்குப் பிறகு காரை நம்பி வந்த தெருக்கள் வளைந்து வளைந்து போய் ஒரு முட்டுச்சந்தில் முடியும். கடையின் பின்சுவர் கண்ணுக்குத் தெரியும், போய்ச் சேர ஒரு மைல் சுற்ற வேண்டும்.

பழைய வீட்டுக்கும் ஒரு விலை உண்டு. முன்பு எண்ணெயில் சூடாக்கிய வீடுகளின் தோட்டத்தில் இரும்பு டாங்க் ஒன்று புதைந்து கிடக்கலாம். துருப்பிடித்துக் கசிந்திருந்தால் மண்ணைத் தோண்டிச் சுத்தம் செய்யும் செலவு பல்லாயிரம் டாலருக்குப் போகும். வீட்டுக் காப்புறுதி பெரும்பாலும் கைவிரிக்கும். வாங்குகிறவர் சில நூறு டாலர் கொடுத்து டாங்க் இருக்கிறதா என்று கருவி வைத்துத் தேடச் சொல்வது கட்டாயம் இல்லை, ஆனால் தவிர்க்கக் கூடாத செலவு. 1978-க்கு முந்திய வீடு என்றால் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். சின்னக் குழந்தை இருப்பவர்கள் ஜன்னல் சட்டங்களைச் சோதிக்க வேண்டும். ஒப்பந்தம் போட்ட பிறகு வக்கீல் பார்த்துச் சொல்ல 3 வேலை நாள் உண்டு, அதற்குள் இருவரில் யார் வேண்டுமானாலும் விலகலாம். பேசி முடித்த பிறகும் மாதக்கணக்கில் இழுத்து, கடைசி நிமிடத்தில் அதிக விலைக்காரனுக்குக் கைமாறும் இங்கிலாந்து வழக்கத்தோடு ஒப்பிட்டால் இது மரியாதையான முறை.

ரயிலுக்கு வருவோம். மேப்பிள்வுட், சம்மிட், சாத்தம் வழியாக வரும் வண்டிகளில் பல 1996-லிருந்து நேராக மன்ஹாட்டன் பென் ஸ்டேஷனுக்கே போகின்றன. வெஸ்ட்ஃபீல்டிலிருந்து காலை நெரிசலில் போகிறவர் நூவர்க்கில் இறங்கி மாற வேண்டும், ரிட்ஜ்வுட்காரர் செகாக்கஸில். ஒரு மாற்றம்தானே என்று தோன்றும். பிப்ரவரி காலையில் பிளாட்பாரத்தில் 12 நிமிடம் நின்ற பிறகு அப்படித் தோன்றாது. அதைவிட முக்கியம், நிலையத்தில் வண்டி நிறுத்தும் பெர்மிட். அந்த ஊர்க்காரர்களுக்கே சில இடங்களில் காத்திருப்போர் பட்டியல் வருடக்கணக்கில் நீளும். சம்மிட் நகரம் 2016-இல் புதிய கார் நிறுத்தம் கட்டுவதற்குப் பதில் ஊபருக்குப் பணம் கொடுத்து ஆட்களை நிலையத்தில் இறக்கிவிடப் பார்த்தது. நடந்து போகிறவருக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. ஒரு மைல், 20 நிமிடம். அதற்கு மேல் போனால் குளிர்காலத்தில் யாரும் நடப்பதில்லை.

பள்ளியிலும் இதே கதை. எட்டாம் வகுப்பு வரை 2 மைலுக்கு மேல், உயர்நிலைப் பள்ளிக்கு 2.5 மைலுக்கு மேல் தூரம் இருந்தால்தான் பஸ் விடும் கட்டாயம் இருக்கிறது. 1.8 மைலில், நடைபாதை இல்லாத சாலையில் வீடு எடுத்தவர், தினமும் பிற்பகலில் கார் வரிசையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அந்த வரிசையில்தான் பெற்றோர் சிநேகமாகிறார்கள் என்று ஒரு கட்சி உண்டு.

வீட்டை ஜூன் மாதத்தில் பார்ப்பது இன்னொரு தவறு. ஜூனில் எல்லாத் தெருவும் நடக்கலாம் போலத்தான் இருக்கும். நவம்பரில் வரவேண்டும்: ஒவ்வொரு வீட்டுக்காரரும் இலைகளைக் கூட்டிச் சாலையோரத்தில் இடுப்பளவு குவித்து வைப்பார்கள், ஊர் வண்டி வந்து அள்ளும் வரை நடக்கிறவர் சாலை நடுவில்தான். பனி பெய்தால் சாலையை ஊர் தள்ளிவிடும், வீட்டு முன் நடைபாதையை வீட்டுக்காரர் தள்ள வேண்டும். எத்தனை மணி நேரத்துக்குள் என்பது ஊருக்கு ஊர் மாறும். தெருமுனையில் மட்டும் வண்டி ஒதுக்கிய பனி முழங்கால் உயரத்துக்கு இறுகிக் கிடக்கும். அது யார் பொறுப்பு என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில்.

மாலையில் நடந்து போய் ஒரு பப்பில் உட்காரலாம் என்ற நினைப்பையும் இங்கேயே இறக்கி வைத்துவிடலாம். 3,000 பேருக்கு ஒரு மது உரிமம் என்ற 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சின்ன ஊர்களில் ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். உணவகத்துக்கு நாமே பாட்டிலைக் கையில் கொண்டுபோகலாம்; அது பப் ஆகாது, ஆனால் பில் குறையும். பெர்கன் கவுண்டியில் ஞாயிறு துணிக்கடையும் மின்சாதனக் கடையும் மூடியிருக்கும். 1980-களின் இங்கிலாந்து ஞாயிறு எங்கே போயிற்று என்று தேடுகிறவர் அந்தக் கவுண்டியின் பரேமஸுக்கு வரலாம்.

லண்டன் தமிழருக்கு இன்னொரு இழுபறி. எடிசன் என்ற ஊர்ப் பக்கம் ஓக் ட்ரீ ரோடு என்ற இந்தியக் கடைத்தெரு இருக்கிறது: இட்லி அரிசி, கறிவேப்பிலை, சனிக்கிழமைக் கூட்டம், எல்லாம் லண்டன் வெம்ப்ளியின் ஈலிங் ரோடு போலவே. ஆனால் ஈலிங் ரோட்டுக்கு 83-ஆம் நம்பர் பஸ்ஸில் போகலாம். இங்கே கடைக்குள் நுழையும் நேரத்தைவிட வண்டி நிறுத்த இடம் தேடும் நேரம் அதிகம். எடிசனில் குடியேறியும் கறிவேப்பிலைக்குக் காரில் போகிறவர்களே அநேகம். அதற்கு மேப்பிள்வுட்டில் இருந்துகொண்டு மாதம் இரண்டு முறை போய் மூட்டையோடு வருவது மேல். பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேஸ்வரர் கோயிலையும் சேர்த்து ஒரு நாள் கணக்கில் முடித்துவிடலாம்.

ஆறு மாதத்தில் பழகிவிடும் என்பார்கள். பழகியும் விடும். பெட்ரோலை நாமே போடக் கூடாது என்று 1949-லிருந்து சட்டம், ஆள் வந்து போடும் வரை காரிலேயே உட்காரலாம். அந்தச் சுகம் ஒரே வாரத்தில் பழகும். சிவப்பு விளக்கில் வலது பக்கம் திரும்புவதும் பழகும். கெட்டில் கொதிக்க இரு மடங்கு நேரம் ஆவதுகூட, 120 வோல்ட் என்று காரணம் தெரிந்தால் பழகும். பால் வாங்கும்போதுதான் மறுபடி இடறும். கேலன் டப்பா, கிட்டத்தட்ட 3.8 லிட்டர், காரின் டிக்கியை மனதில் வைத்தே செய்தது. நடந்து கொண்டுவந்தால் மூன்றாவது தெருவில் கைப்பிடி விரலை அறுக்கும். மூடி நிறமும் சதி செய்யும்: லண்டனில் சிவப்பு மூடி என்றால் கொழுப்பு எடுத்த பால், பச்சை என்றால் பாதி எடுத்தது; இங்கே பல பால் பண்ணைகளுக்கு அதுதான் முழுப் பால். பச்சை மூடியைத் தேடிக்கொண்டு குளிர்பெட்டி முன்னால் கொஞ்ச நேரம் நிற்கிறவர் யார் என்று பார்த்தால், ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆனவராகவும் இருப்பார்.